கல்லைக் கழித்த எடை

கெய்ரோ நகைக்கடைத் தெருவில், கண் கூசும் வெள்ளை விளக்கின் கீழே, என் மனைவி நெவீனின் வளையல் தராசில் கிடக்கிறது. கல்யாணத்துக்கு நான் போட்டது. அவள் இறந்தபின் அவள் அப்பாவிடமே கொடுத்துவிட்டேன். இப்போது அவள் தங்கை ஷாஹிந்தாவின் இதழியல் படிப்புக்குக் கட்டணம் கட்ட அதை விற்கிறார்கள். கடைக்காரர் பாதி தின்ற ஈரல் ரொட்டியை ஓரமாக வைத்துவிட்டு, எண்ணெய் விரலால் வளையலைப் புரட்டுகிறார். “கல்லுக்கு விலை கிடையாது ஹாஜி. செய்கூலியும் திரும்ப வராது.” மாமா என் தோளைத் தட்டுகிறார். “நம்ம மாப்பிள்ளையும் இதே படிப்புதான்.” “அப்படியா உஸ்தாத், மாசம் என்ன வரும்?” கடைக்காரர் என்னைக் கேட்கிறார். சொல்கிறேன். அவர் கால்குலேட்டரைத் தட்டுகிறார். “இந்த வளையலைத் திரும்ப வாங்க ரெண்டு வருஷம் ஆகும். அதுவும் சாப்பிடாம இருந்தா.” மாமா சிரிக்கிறார். “நான் அத்தான் மாதிரி இல்ல. நெசமான செய்தி எழுதுவேன்” என்கிறாள் ஷாஹிந்தா. கல்லூரியில் நெவீனும் இதையேதான் சொல்வாள். “நீயே சொல்லு மாப்பிள்ளை, சேத்துவிடலாமா?”

“நான் எழுதுறது பேப்பர்ல காசு கட்டிப் போடுற இரங்கல் அறிவிப்பு, மாமா. நெவீனுக்கும் நான்தான் எழுதினேன். ஊழியர்னு பாதி விலைக்குப் போட்டாங்க.”

தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்துக்கொண்டே போகிறது. கடைக்காரர் இடுக்கியுடன் காத்திருக்கிறார். “கல்லை எடுக்கட்டுமா?” ஷாஹிந்தா என்னைப் பார்க்காமல் தலையசைக்கிறாள். சிவப்புக் கற்கள் கண்ணாடிமேல் சிதறுகின்றன. ரொட்டித் துகளோடு சேர்த்து அவற்றை அவர் புறங்கையால் ஒதுக்கிவிடுகிறார்.