ஒட்டாவாவில் ஒரு பெரட்டு

பொகவந்தலாவையில் பனி இன்னும் விலகவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனமெல்லாம் கொழுந்தெடுக்க மலையேறிவிட்டது. அம்மாக்கண்ணு மட்டும் அடுப்படியில் உட்கார்ந்து, சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கனடா நாடாளுமன்றம் நேரலையில் ஓடுகிறது. யாரோ பெயர் கூப்பிட, பெயருக்குரியவர் எழுந்து, தலை தாழ்த்தி உட்காருகிறார். விடிகாலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் கண்டாக்கு ஐயா பெயர் கூப்பிடுகிற மாதிரியே இருக்கிறது. அங்கே வீட்டுவேலை பார்க்கும் மகள் சர்மிளாவின் குரல் சற்றுமுன்தான் வந்தது: "ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடமெல்லாம் மாகாணத்துக்காரங்க கையிலம்மா. எங்க விசா ஒட்டாவாக்காரங்க கையில. இன்னக்கி ஓட்டெடுப்பு, மொதல்ல எந்திரிக்கிறவங்கதான் அரசாங்கத்துப் பக்கம். ஆளு கொறஞ்சா அரசாங்கமே கவுந்துரும், எங்கள நெரந்தரமா வச்சுக்கிற சட்டமும் அதோட போயிரும். நான் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். சாமி கும்பிடும்மா." அம்மாக்கண்ணு விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டாள். பிளேன்டீ ஆறிக் கிடக்கிறது. சர்மிளா போன நாளிலிருந்து அவளுடைய பாய் சுருட்டியபடியே சுவரில் சாய்ந்து நிற்கிறது. திரையில் ஒருவர் எழுகிறார், பிறகு இன்னொருவர். அடுத்த பெயருக்கு ஒரு பெண் மேசையில் கையூன்றி எழப்போகிறாள். ஆளில்லாத அந்த வீட்டில் அம்மாக்கண்ணுவின் வாய் தானாகத் திறக்கிறது.

"உக்காரு தாயி," என்கிறாள், "உக்காரு."