நூற்றுக்கு இரண்டு

பத்திரம் எழுதி முடித்தாகிவிட்டது. கையெழுத்துதான் பாக்கி.

ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரில், பத்திர ரைட்டர் சுப்பிரமணியின் கீற்றுக் கொட்டகை. நிலத்தை விற்கிற அருணகிரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். வாங்குகிற மெட்ராஸ்காரர் பணப்பையை மடியில் அணைத்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நடுவில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

நான் தரகர். சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டியவளும் நான்தான்.

நான் எழுந்திருக்கவில்லை. அருணகிரி பக்கத்துக் கமிஷன் இன்னும் முடிவாகவில்லை.

எங்கள் தொழிலில் நிலத்தைக் காட்டுவதற்கு முன்பே கமிஷனைப் பேசிவிட வேண்டும். மெட்ராஸ்காரரிடம் முதல் நாளே பேசினேன். நூற்றுக்கு இரண்டு. அவர் சரி என்ற பிறகுதான் செங்கம் ரோட்டில் எங்கே திரும்ப வேண்டும் என்று சொன்னேன். அருணகிரியிடமும் கேட்டேன். பாத்துக்கலாம் என்றார். பாத்துக்கலாம் என்று சொன்ன எவரும் இதுவரை பார்த்துக்கொண்டதில்லை.

பத்திரம் பதிவாகிவிட்டால் தரகரை யாருக்கும் அடையாளம் தெரியாது. ரமணாசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு ரூம் பிடித்துக் கொடுத்த காலத்திலேயே நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. அரை மாத வாடகை தருகிறேன் என்ற வீட்டுக்காரம்மா, ஆள் குடிவந்த மறுநாள், அவங்களாவே வந்தாங்க என்று கதவைச் சாத்தினாள்.

அதனால் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தேன்.

"அதான் அந்தாண்ட வாங்கிக்கிறல்ல, இந்தாண்ட வேற இன்னாத்துக்கு?" என்றார் அருணகிரி.

இரண்டு பக்கமும் இரண்டு என்பதுதான் ஊர் வழக்கம். தரகர் காசி வந்து முடித்திருந்தால் இதே அருணகிரி வாயைத் திறக்காமல் எடுத்து வைத்திருப்பார். காசி செய்தால் தொழில். நான் செய்தால் போகிற போக்கில் செய்த உபகாரம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முப்பத்தைந்தாயிரம் வந்தால் போதும் என்று உட்கார்ந்திருந்த மனிதர். அந்த ஒரு ஏக்கரைச் சுற்றிக் காட்டி, கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வைத்து, ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு ரூம் கட்டி வாடகைக்கு விட்டால் மொட்டை மாடியிலிருந்து மலை முழுசாகத் தெரியும் என்று பேசிப் பேசி, நாற்பதாயிரத்துக்கு ஏற்றிவிட்டது யார்? மேலே வந்த ஐயாயிரம் வானத்திலிருந்தா விழுந்தது?

முதலில் இருநூறு என்றார். நான் டம்ளரைப் பார்த்தேன். ஐநூறு என்றார். இன்னொரு டீ சொன்னேன்.

ரைட்டர் சுப்பிரமணி நல்லவர்போல நடுவில் வந்தார். ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அறுநூற்றைம்பதில் முடித்துக்கொள்ளச் சொன்னார். உங்கள் எழுத்துக்கூலியையும் அப்படியே முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அதற்கப்புறம் அவர் பத்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"பொம்பளைக்கு எதுக்கு பர்சென்ட் கணக்கெல்லாம்? தீபாவளிக்கு நல்லதா ஒரு பட்டுப்புடவை எடுத்துத் தரேன்" என்றார் அருணகிரி.

"புடவை வேணாம். நூத்துக்கு ரெண்டு, எண்ணூறு. அதுல ஒரு ரூபா கம்மின்னாலும் எழுந்துக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை. ராகுகாலம் பிறக்கப் போகிறது என்று ரைட்டர் காகிதத்தைப் பார்த்தே முணுமுணுத்தார். ராகுகாலத்தில் எங்கள் ஊரில் யார் கையெழுத்துப் போடுவார்கள்? மெட்ராஸ்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டாமல் அவர் பையைத் திறக்கமாட்டார். அது அருணகிரிக்கும் தெரியும். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்து நான் கண்ட பலன் போதும்.

கடைசியில் சட்டைப் பையிலிருந்து எட்டு நூறு ரூபாய்த் தாள்களை உருவி என் முன்னால் வைத்தார். வைத்தார் என்றா சொன்னேன், எறிந்தார். நான் எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தேன்.

ராகுகாலத்துக்கு முன்பே எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்.

ஆபீஸ் உள்ளே கூப்பிட்டார்கள். மெட்ராஸ்காரரும் ரைட்டரும் முன்னால் நடந்தார்கள். அருணகிரி பின்தங்கி என் பக்கம் வந்தார். குரல் இறங்கிவிட்டிருந்தது.

"வேதா, அம்மாகிட்ட கமிஷன்னு சொல்லிடாத. அண்ணன் சீர் செஞ்சான்னு சொல்லு."

"கமிஷன்னுதான் சொல்லுவேன்" என்றேன்.

அந்த நிலத்தில் அப்பாவோடு மல்லாட்டை பிடுங்கி, பச்சைக் கடலை தின்று வளர்ந்தவள் நான். அப்பா போய்க் காரியம் முடிந்த கையோடு, எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி இதே ஆபீசுக்குத்தான் கூட்டிவந்தார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

அப்போது எனக்குப் பேரம் பேசத் தெரியாது.