பெண்டாட்டி ஜோக்

கேபிள் தொலைக்காட்சியில் வெர்னன் நடத்திய நகைச்சுவைத் தொடரில் வாராவாரம் அடி வாங்குவது அவர் மனைவிதான். அவள் விடும் குறட்டை, தீய்த்த வான்கோழி, கார் ஓட்டும் லட்சணம் என்று எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. தயாரிப்பாளர் மார்னிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"பெண்டாட்டி ஜோக்கை நிறுத்துங்க வெர்னன். பொம்பளைங்க காறித் துப்புறாங்க."

"அது மட்டும் முடியாது. வேணும்னா எனக்குப் பதிலா வேற ஆளைப் போட்டுக்கோ."

அந்தத் திமிர் மார்னியை அரித்துக்கொண்டே இருந்தது. அவர் மனைவி லொரெட்டாவிடமே பேசிவிடுவது என்று ஞாயிறு மதியம் புரூக்ளினில் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

வெர்னன் தயங்கித்தான் கதவைத் திறந்தார். உள்ளே டிவியில் அவர் தொடரின் மறு ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. சோபாவில் லொரெட்டா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மார்னி பக்கத்தில் உட்கார்ந்தாள். "இதைக் கேட்டு உங்களுக்குக் கோபமே வரலையா?"

"எனக்கு எதுக்குங்க கோபம்? யாரோ ஒருத்தர் தன் பெண்டாட்டியைப் பத்திச் சொல்றாரு. அவ கொடுத்து வச்சவ. ஆசை இல்லாதவன் இவ்வளவு ஞாபகம் வச்சிருப்பானா?"

வெர்னன் நீட்டிய காப்பியை வாங்கிக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள் லொரெட்டா.

"ரொம்ப நன்றி சார். உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு," என்றார் வெர்னன், போர்வையை அவள் கால்மேல் இழுத்துவிட்டபடி.