யாரைக் கேட்டு எடுத்தீங்க?

“யாரைக் கேட்டு என்னைப் படம் எடுத்தீங்க?”

ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்து டிராம் நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கெர்லிண்டே தலைத்துணியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். புருவம் இருந்த இடம் வரை என்று சொல்வதே சரி. புற்றுநோய் மருந்து அதையும் விட்டுவைக்கவில்லை.

கேமராவோடு நின்ற கிழவர் சிரித்தார். “மன்னிக்கணும் அம்மா. வெளிச்சம் நல்லா இருந்தது.”

“அப்ப வெளிச்சத்தை எடுங்க. என் மூஞ்சி எதுக்கு? ஃபிலிமை வெளியே எடுங்க!”

“இதுக்குச் சட்டமே இருக்கு, தெரியுமில்ல?” என்று நாயோடு நின்றவர் சேர்ந்துகொண்டார். எந்தச் சட்டம் என்று அவருக்குத் தெரியாது. ஏதாவது ஒரு பிரிவு இருக்கும் என்பதில் அந்த ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை.

“போன வாரம் என்னையும் எடுத்தார். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டார்” என்றாள் குழந்தை வண்டியோடு நின்றவள்.

டிராம் வந்தது. அவர்கள் ஏறிப் போனார்கள். கெர்லிண்டே ஏறவில்லை. இந்த முகம் எந்தப் படத்திலும் மிஞ்சக் கூடாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

“ஃபிலிமை எடுக்கறீங்களா, போலீஸைக் கூப்பிடவா?”

கிழவர் கேமராவின் பின்மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை.

“என்ன விளையாட்டு இது?”

“மனைவி போனப்புறம் இங்கே வந்து எல்லாருக்கும் வணக்கம் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தரும் திரும்பலை. இதைத் தூக்கினா ஓடி வந்து திட்டறாங்க.” மூடியைச் சாத்தினார். “இன்னிக்கு நீங்கதான் ரொம்ப நேரம் பேசினது.”

கெர்லிண்டே அடுத்த டிராமில் ஏறிப் போய்விட்டாள்.

மறுவாரம் அதே நிறுத்தம். அவளைக் கண்டதும் கிழவர் கேமராவைக் கோட்டுக்குள் ஒளித்தார்.

அவள் கைப்பையிலிருந்து ஒரு ஃபிலிம் சுருளை எடுத்து நீட்டினாள்.

“போடுங்க.”

“அம்மா, நீங்கதானே...”

“இந்தத் துணியைப் பார்த்ததும் எல்லாரும் வேற பக்கம் திரும்பிக்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் நேரா பார்த்தீங்க.”

தலைத்துணியை அவிழ்த்தாள்.

“அப்ப, திட்ட மாட்டீங்களா?”

“படத்தைப் பார்த்துட்டுத் திட்டறேன். ஆனா ஃபிலிமைக் கழுவறதுக்கு ரொம்ப நாள் எடுத்துக்காதீங்க.”