இரண்டாவது ஆள் இல்லை

"உனக்குள் இருப்பதும் எனக்குள் இருப்பதும் உலகம் முழுக்க இருப்பதும் ஒன்றே! இரண்டாவது ஆள் என்று ஒருவர் கிடையவே கிடையாது!"

பேச்சாளர் பத்தாவது முறையாகக் கையை விரித்தார். அரங்கமே சொக்கிப்போய்க் கிடந்தது, மைக்செட்காரரைத் தவிர.

அவர் கடைசி வரிசைக்குப் பின்னால் குனிந்து நின்று, போனில் யாரையோ கொஞ்சிக்கொண்டிருந்தார்.

பேச்சாளருக்குச் சுருக்கென்றது. மூன்று வாரம் கண்ணாடி முன்னால் நின்று பழகிய பேச்சு!

"சிலருக்குப் பரம்பொருளே கூப்பிட்டாலும் லைன் பிஸியாகத்தான் இருக்கும்" என்று ஒரு குத்து விட்டார்.

கூட்டம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. மைக்செட்காரர் அசடு வழிந்தார். போனை மட்டும் வைக்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்துக் கைதட்டல் ஓய்ந்தது. பேச்சாளர் விறுவிறுவென்று அவரிடம் போனார். கிட்டே போன பிறகுதான் கவனித்தார்.

"யோவ், அது என் போன்!"

"ஆமா சார். மைக் பக்கத்துல இருந்தா கரகரக்கும்னு நான்தானே வாங்கி வெச்சேன். 'அம்மா'ன்னு எட்டு தடவை அடிச்சுது, எடுத்துட்டேன். கண் ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போகப் போறாங்க, பயமா இருக்கு, ஒரு வார்த்தை பேசுடான்னு அழுதாங்க சார்."

"ஆபரேஷன் நாளைக்குத்தானே?"

"இன்னிக்கு சார்."

பேச்சாளர் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் விடவில்லை.

"உடனே மேடைக்கு வந்து சொல்லியிருக்கணுமா இல்லையா?"

"வந்தேனே! 'எல்லாம் ஒன்றே'ன்னு சொல்லிக்கிட்டே கையால என்னைப் போ போன்னு விரட்டினீங்க."

"அதனால?"

"இரண்டாவது ஆளே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க. 'நான்தாம்மா பேசுறேன்'னு சொல்லி, உள்ள போற வரைக்கும் தைரியம் சொன்னேன். நல்லபடியா முடிஞ்சுதாம், இப்பதான் அம்மாவே கூப்பிட்டுச் சொன்னாங்க."

"தத்துவம் வேற, வீடு வேறய்யா! என் அம்மாகிட்டயே ஆள்மாறாட்டமா?"

போனைப் பிடுங்கி அம்மாவை அழைத்தார்.

"அம்மா, இவ்வளவு நேரம் பேசினது நான் இல்லம்மா. மைக்செட்காரன்!"

"தெரியும்டா" என்றாள் அம்மா நிதானமாக. "'பயப்படாதேம்மா, நான் இருக்கேன்'னு சொன்னப்பவே அது நீ இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. போனை என் பிள்ளைகிட்ட குடு."