குழாயை மடித்த பிறகு

அலை எழுந்தது.

செவிச் சோதனை அறையில் பயிற்சிக்கு வந்திருந்த அவள் திரையை நோக்கிக் குனிந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். தன் கண்களை அவள் அவ்வளவாக நம்புவதில்லை.

அலை அங்கேயே இருந்தது.

கட்டிலில் ஒன்றரை வயது ஆதில் மருந்துத் தூக்கத்தில் கிடந்தான். நெற்றியில் ஓர் ஒயர், இரண்டு காதுகளுக்கும் பின்னால் ஒவ்வொன்று. வலது காதுக்குள் பஞ்சு முனை வைத்த மெல்லிய குழாய். குழாயின் மறுமுனையில் தீப்பெட்டி அளவில் ஓர் ஒலிப்பெட்டி. அதற்குள்ளிருந்து ஒரே எழுத்து அவன் காதுக்குப் போய்க்கொண்டிருந்தது.

டா. டா. டா.

இரண்டாயிரம் முறை போக வேண்டும். ஆயிரத்து நூறு ஆகியிருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு முன், அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் மேடம் எடுத்த சோதனையில் இரண்டு காதுகளுக்கும், கேட்டதற்கான அலையே இல்லாமல், நேர்கோடுதான் வந்தது. ஒலியைக் கூட்டிப் பார்த்தார். நேர்கோடு. உச்சத்தில் வைத்துப் பார்த்தார். நேர்கோடு. அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டு, முகாமுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார்.

ஆதிலின் தாய் ரிஸ்வானா கிளம்பவில்லை.

“டக்கு டக்குன்னு ஆணி அடிக்கிற சத்தத்தை வச்சா எந்தப் பிள்ளைம்மா கேக்கும்? மனுசக் குரலை வச்சுப் பாருங்க.”

அந்த முறையைப் போன வாரம்தான் மாலை வகுப்பில் நடத்தியிருந்தார்கள். ஆள் தூங்கினாலும் மூளைத்தண்டு தூங்காது. காதில் விழும் எழுத்தை மின்னலையாக நகலெடுக்கும். அந்த நகலை ஒலிபெருக்கியில் விட்டால், எழுத்தே திரும்பக் கேட்கும்.

படிகளை நோட்டில் எழுதி வைத்திருந்தாள். மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றையும் முடித்தபின் பக்கத்தில் ஒரு கோடு போட்டாள்.

ஒன்பது கோடுகள் ஆகியிருந்தன.

“என்னம்மா, ஏதாச்சும் தெரியுதா?”

“வருதுக்கா.”

வாயிலிருந்து வந்துவிட்டது. பத்தாவது படிக்குப் பிறகு சொல்ல வேண்டியது.

ரிஸ்வானா எழுந்து வந்தாள். திரையைப் பார்த்தாள். அவளுக்கு அது வெறும் பச்சைக் கோடு.

காதால் கேட்காமல் நம்பமாட்டாள் என்று தோன்றியது. அலையை ஒலிபெருக்கியில் விட்டாள்.

கொஞ்சம் இரைச்சல். அதற்குள்ளிருந்து, தெளிவாக:

டா.

“யாரு சொல்றது?”

“உங்க பையன் மூளைக்கா. அவன் கேட்டதை அது சொல்லுது.”

ரிஸ்வானா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பைக்குள் தேடிக் கைப்பேசியை எடுத்தாள்.

“இன்னொரு தடவை போடு.”

அதுவரை வாங்க போங்க என்றுதான் பேசியிருந்தாள்.

மூன்று முறை போட்டாள். ரிஸ்வானா பதிவுசெய்து சவூதியில், தம்மாமில் இருக்கும் கணவனுக்கு அனுப்பினாள்.

“எங்க மாமி அப்பவே சொன்னாங்க. பயலுக்குக் காதுல்லாம் நல்லாத்தான் இருக்கு, வாப்பா மாதிரியே அழுத்தக்காரன், கூப்பிட்டாத் திரும்ப மாட்டான்னு.” சிரித்தாள். “நான்தான் பாவி, ஊரெல்லாம் தூக்கிட்டு அலைஞ்சேன்.”

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நோட்டைப் பார்த்தாள்.

பத்து. குழாயை மடித்துப் பிடித்து மறுபடி எடுக்கவும். காதுக்கு ஒலி போகாது. அலை வரக் கூடாது.

மடித்தாள். விரலால் அழுத்திக்கொண்டாள்.

நூறு. இருநூறு.

அலை எழுந்தது.

இன்னும் அழுத்தினாள். நகம் வெளுத்தது. ஐந்நூறு. அதே அலை, அதே இடத்தில், அதே உயரத்தில்.

அப்போதுதான் அதன் தொடக்கத்தைப் பார்த்தாள். காதில் விழுந்த ஒலி மூளைத்தண்டுக்குப் போய்ச்சேரச் சில மில்லிவினாடிகளாவது ஆகும். இந்த அலை ஒலியோடு சேர்ந்தே தொடங்கியிருந்தது. எங்கும் போய் வரவில்லை.

ஒலிப்பெட்டி தலையணையின் மேல், ஒயர்களை ஒட்டிக் கிடந்தது. ஆதில் புரண்டபோது, குழாய் இழுபடாமல் இருக்கட்டும் என்று அவள்தான் அங்கே எடுத்து வைத்தாள். பெட்டியின் மின்சாரம் ஒயர்களில் ஏறியிருக்கிறது.

இயந்திரம் தான் சொன்னதைத் தானே கேட்டிருக்கிறது.

பெட்டியைக் குழாய் எட்டும்வரை தள்ளி வைத்தாள். ஒயர்களை மறுபக்கம் ஒதுக்கினாள். குழாயை விட்டாள். முதலிலிருந்து எடுத்தாள்.

ஐந்நூறு. ஆயிரம்.

தன் தவறு இந்த முறையும் எங்காவது இருக்கட்டும் என்று தேடினாள். பஞ்சு முனை சரியாக இருந்தது. ஒயர்கள் சரியாக இருந்தன. குழாயை உருவித் தன் காதுக்கு அருகில் ஒருமுறை வைத்துப் பார்த்தாள். டா, டா என்று குரல் உரக்க வந்தது. திரும்ப அவன் காதில் செருகினாள்.

இரண்டாயிரம்.

நேர்கோடு.

இடது காதுக்கும் எடுத்தாள். அதுவும் நேர்கோடுதான்.

பின்னால் ரிஸ்வானாவின் கைப்பேசி சிணுங்கியது. குரல் செய்தி. அவள் அதை முழுச் சத்தத்தில் வைத்தாள். இரைச்சலான ஏதோ ஒரு சாலையோரத்திலிருந்து ஓர் ஆண், மூச்சு வாங்கப் பேசினான்.

“ஆதிலு... வாப்பா பேசுறேண்டா. கேக்குதா? தங்கம், வாப்பா பேசுறேன்...”

அதற்குமேல் அவனுக்குப் பேச வரவில்லை. லாரி ஒன்றின் ஹாரன் சத்தம்தான் வந்தது.

ரிஸ்வானா கட்டிலருகே மண்டியிட்டாள். குழந்தையின் காதிலிருந்து குழாயை மெதுவாக உருவினாள். அந்த இடத்தில் கைப்பேசியை வைத்து, மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டாள்.

அவள் திரையிலிருந்து திரும்பினாள்.

“அக்கா,” என்றாள்.

ரிஸ்வானா நிமிரவில்லை. உதட்டில் விரல் வைத்தாள்.

“சத்தம் போடாதம்மா. அவன் கேட்டுக்கிட்டிருக்கான்.”