சினையோடு நீந்திய விளைமீன்

மீன்பிடித் தடைக்காலம் முடியப் பத்து நாள் இருந்தது. வயிறு நிறையச் சினையோடு விளைமீன் பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தது.

“படகெல்லாம் கரையில கிடக்கு. இப்பவே முட்டை போட்டுடு அக்கா,” என்றது நண்டு.

“தண்ணி சுடுதே. இதுல போட்டா ஒண்ணுகூடப் பொரிக்காது.”

குளிர்ந்த நீரைத் தேடி விளைமீன் எங்கும் நிற்காமல் நீந்தியது. பதினோராம் நாள் ஆழத்தில் ஓரிடம் சில்லென்று இருந்தது. அங்கே முட்டையிடத் தொடங்கியபோது மேலே இன்ஜின் சத்தம் கேட்டது. ஓடினால் தப்பலாம். வலை வந்து சுற்றும்வரை அது முட்டையிட்டுக்கொண்டே இருந்தது.

படகில் மீனவர் சூசை அதைக் கையிலெடுத்தார். பாதி வயிறு இன்னும் சினை.

“தடைதான் முடிஞ்சிடுச்சே, இன்னுமா முட்டை போடுறே?”

விளைமீன் வாயைத் திறந்தது. பதில் சொல்ல அங்கே தண்ணீர் இல்லை.